ஆற்றில் இட்டுக் குளத்தில் எடுக்கும் கலை



விருத்தாசலத்தில் வாழ்வோர்க்கு ஒரு பழங்கதை நன்கு தெரியும். திருமுதுகுன்றம் என்று அந்நாளில் வழங்கிய இவ்வூருக்குச் சுந்தரர் வந்தார். 12,000 பொன் பெற்றார். அவ்வளவு பொன்னையும் திருவாரூர் வரை சுமந்து செல்வது எப்படி? இங்குள்ள மணிமுத்தாற்றில் அதை இட்டார்; திருவாரூர் சென்று கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதா?' என்று நாம் பேச்சுவழக்கில் கேட்பது இக்கதையை ஒட்டித்தான்.

கதையில் பலர் கவனியாமல் விடும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆற்றில் இடுமுன் அப்பொன்னிலிருந்து ஒரு சிறு துண்டைச் சுந்தரர் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த மாதிரித் துண்டுக்கு 'மச்சம்' என்று பெயர். குளத்தில் கிடைத்த பொன்னை மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு ஏற்க மறுத்தார். சரியான மாற்று வந்த பின்பே பெற்றுக்கொண்டார். கமலாலயக் கரையில் உள்ள மாற்றுரைத்த விநாயகர் கோயில் இந்நிகழ்ச்சியை இன்றும் நினைவூட்டுகிறது.

ஓரிடத்தில் இட்ட பொருளை வேறோரிடத்தில் எடுப்பது இன்று நமக்கு அன்றாடச் செயல். இணையத்தில் ஒருவர் இட்ட செய்தியை நாம் எடுக்கிறோம். ஒருவர் இட்ட கோப்பை நாம் இறக்கிக்கொள்கிறோம். ஆனால் அது எந்த வழியில் வந்தது? நடுவில் யார் யார் கை பட்டது? வந்த பொன் மாற்றுக் குறையாத பொன்தானா? இக்கேள்விகளை நாம் கேட்பதில்லை. இணைய உரையாடல் சேனல்கள், கணிப்பொறிக்குக் கணிப்பொறி நேராகக் கோப்பு பெறும் முறை ஆகிய இரண்டையும் கற்றால் இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும். இரண்டையும் தொடக்கத்திலிருந்து காண்போம்.

பேச்சு மேடை

1988ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பின்லாந்து நாட்டின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் என்பவர் ஒரு சிறு மென்பொருளை எழுதினார். பலர் ஒரே நேரத்தில், எழுத்து வடிவில், ஒருவரோடொருவர் பேசுவதற்கான ஏற்பாடு அது. 'இன்டர்நெட் ரிலே சாட்' என்று அதற்குப் பெயர்; சுருக்கமாக ஐ.ஆர்.சி. இன்று நாம் பயன்படுத்தும் உரையாடல் செயலிகள் பலவற்றுக்கு இதனை மூத்த அண்ணன் எனலாம். 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, அங்கிருந்து செய்திகள் இதன் வழியாகவும் வெளியுலகுக்கு வந்தன.

ஐ.ஆர்.சி. உலகில் பேச்சு நடைபெறும் அறைக்குச் 'சேனல்' என்று பெயர். பெரும்பாலும் சேனலின் பெயர் # என்னும் குறியோடு தொடங்கும். ஒரு சேனலில் நீங்கள் ஒரு வரி எழுதினால், அப்போது அங்கே இருக்கும் அனைவரும் அதைக் காண்பர். அப்போது இல்லாதவர் காணமாட்டார். வாட்ஸ்அப்பில் நீங்கள் தூங்கும்போது வந்த செய்தி காலையில் காத்திருக்கும். ஐ.ஆர்.சி.யின் இயல்பான முறை அதுவன்று. அது திண்ணைப் பேச்சைப் போன்றது. எழுந்து போனவருக்கு, போன பின் பேசியது கேட்காது. அதற்காக, பேச்சைக் குறித்து வைக்கும் தானியங்கி நிரல்களைச் சில சேனல்களில் அமர்த்தியிருப்பார்கள். ஆகவே, அங்கே எழுதுவது காற்றோடு போய்விடும் என்று எண்ணிவிடவும் கூடாது.

யார் இதை இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பீர்கள். லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை உருவாக்குவோர் பலர் இன்றும் இங்கேதான் கூடுகிறார்கள். நம் நாட்டில் துர்காபூர் லினக்ஸ் பயனர் குழு 2008 முதல் நடத்திய கோடைக்காலப் பயிற்சி வகுப்புகள் ஐ.ஆர்.சி. சேனலிலேயே நடந்தன. கரும்பலகை இல்லை, குரல் இல்லை, எழுத்து மட்டுமே. மெதுவான இணைப்பு உள்ள ஊரில் இருந்தும் மாணவர்கள் அதில் கற்க முடிந்தது. ஒரு வரிக்கு ஆகும் செலவு சில நூறு பைட்டுகள்தானே!

சேனலில் நுழைவது எப்படி?

தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. 2021 மே மாதம் தொடங்கப்பட்ட 'லிபெரா சாட்' என்பது இன்று கட்டற்ற மென்பொருள் குழுக்கள் பெரிதும் கூடும் ஐ.ஆர்.சி. வலையாகும். ஸ்வீடனில் பதிவான, இலாப நோக்கற்ற அமைப்பு அதை நடத்துகிறது. அதன் இணையதளத்திலேயே, உலாவியைக் கொண்டு உள்ளே செல்லும் வாயில் உண்டு.

முதலில் ஒரு புனைபெயர் கேட்கும். உங்கள் முழுப் பெயர், பள்ளியின் பெயர், பிறந்த ஆண்டு எதையும் அதில் சேர்க்காதீர்கள். பிறகு சேனலின் பெயரைக் கேட்கும். உள்ளே சென்றபின், சாய்கோட்டில் தொடங்கும் வரி கட்டளை எனவும், மற்ற வரிகள் பேச்சு எனவும் கொள்ளப்படும். சாய்கோட்டை அடுத்து 'ஜாயின்' என்ற ஆங்கிலச் சொல்லையும் சேனல் பெயரையும் தட்டினால் அச்சேனலில் நுழையலாம். 'பார்ட்' என்றால் அச்சேனலை விட்டு வெளியேறலாம். 'குவிட்' என்றால் மொத்தமாக விடைபெறலாம். இந்த மூன்று கட்டளைகளே தொடக்கத்திற்குப் போதும்.

உள்ளே சென்றதும் சற்று நேரம் பேசாமல் கவனியுங்கள். 'ஒரு சந்தேகம் கேட்கலாமா?' என்று அனுமதி கேட்க வேண்டியதில்லை. சந்தேகத்தையே நேராகக் கேட்டுவிடுங்கள். உடனே விடை வராவிட்டால் பதற வேண்டாம். விடை தெரிந்தவர் வேறு நாட்டில் உறங்கிக்கொண்டிருக்கலாம். தனியே பேச அழைக்கும் அறிமுகமற்றவரிடம் ஊர், படம், தொலைபேசி எண் எதையும் தராதீர்கள். முதல் சில முறை ஆசிரியரையோ வீட்டுப் பெரியவரையோ அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜங்ஷனில் கற்கும் பாடம்

நீங்கள் எழுதிய வரி மற்றவர்க்கு எப்படிப் போகிறது? விருத்தாசலம் ரயில் ஜங்ஷனை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் ஆகிய நான்கு திசைப் பாதைகள் இங்கே கூடுகின்றன. கடலூரிலிருந்து சேலம் செல்லும் வண்டி இங்கு வந்தே போக வேண்டும்.

ஐ.ஆர்.சி. வலையும் இத்தகைய ஜங்ஷன்களால் ஆனது. ஒவ்வொரு ஜங்ஷனும் ஒரு சர்வர், அதாவது கேட்பவர்க்குப் பரிமாறும் கணிப்பொறி. நீங்கள் ஒரு சர்வரோடு இணைந்திருப்பீர்கள். உங்கள் நண்பர் வேறொரு சர்வரோடு இணைந்திருப்பார். உங்கள் வரி உங்கள் சர்வருக்குப் போய், அங்கிருந்து அடுத்த சர்வருக்குத் தாவி, நண்பரை அடையும். 'ரிலே' என்ற சொல் இந்தக் கைமாற்றத்தையே குறிக்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் இடையே தண்டவாளம் பழுதானால், கடலூருக்கு விழுப்புரம் வழியாகச் சுற்றிப் போகலாம். ஆனால் ஐ.ஆர்.சி. சர்வர்கள் மரத்தின் கிளைகள்போல் இணைக்கப்பட்டவை. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு ஒரே வழிதான் உண்டு. அந்த இணைப்பு அறுந்தால் சேனல் இரண்டாகப் பிரிந்துவிடும். இப்பக்கத்தார் தமக்குள் பேசுவர். அப்பக்கத்தாரும் தமக்குள் பேசுவர். ஒருவர் பேச்சு மற்றவர்க்குக் கேட்காது. இணைப்பு மீண்டதும் அனைவரும் ஒரே அறையில் மறுபடி தோன்றுவர். இதற்கு 'நெட்ஸ்பிளிட்' என்று பெயர். நடுவில் நின்று கைமாற்றுபவரை நம்பியிருக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் உள்ள பலவீனம் இது.

தமிழ் எழுத்தின் எடை

ஐ.ஆர்.சி.யில் ஒரு வரியின் உச்ச அளவு 512 பைட்டுகள். வரி முடிவைக் காட்டும் 2 பைட்டுகளைக் கழித்தால் 510. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்டு போதும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். 'விருத்தாசலம்' என்னும் சொல்லில் எழுத்துகள் 7. ஆனால் கணிப்பொறி வி என்பதை வகரம், இகரக் குறி என இரண்டாகவும், த் என்பதைத் தகரம், புள்ளி என இரண்டாகவும் எண்ணும். அவ்வாறு எண்ணினால் 12 குறிகள், 36 பைட்டுகள். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 13 பைட்டுகளே ஆகும்.

ஆகவே ஒரு வரியில் 170 தமிழ்க் குறிகளுக்கு மேல் செல்லா. அந்த 510க்குள் அனுப்புநர் பெயர், சேனல் பெயர் போன்றவையும் அடங்குவதால் உண்மையில் இன்னும் குறைவே. வரி நீண்டு, ஓர் எழுத்தின் 3 பைட்டுகளுக்கு நடுவே வெட்டு விழுந்தால் கடைசி எழுத்து சிதைந்து தோன்றும். தமிழில் பேசும்போது சிறு சிறு வரிகளாக எழுதுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

கோப்புக்கு நேர்வழி

சில நூறு பைட்டுகள் உள்ள பேச்சைச் சர்வர்கள் எளிதில் கைமாற்றிவிடும். ஆனால் ஒரு பெரிய கோப்பை இப்படி அனுப்பினால் ஜங்ஷன் முழுவதும் நெரிசலாகிவிடும். ஆகவே ஐ.ஆர்.சி. பயனர்கள் ஒரு குறுக்குவழி கண்டனர். பேச்சு சர்வர் வழியாக நடக்கும்; கோப்பு மட்டும் ஒருவர் கணிப்பொறியிலிருந்து மற்றவர் கணிப்பொறிக்கு நேராகப் போகும். சம நிலையில் உள்ள இரு கணிப்பொறிகள் தமக்குள் கொடுத்து வாங்கும் இம்முறையே 'பியர் டு பியர்' எனப்படுகிறது. இதனை நாம் 'இணைக்கு இணை' என்று சொல்லலாம்.

1999 ஜூனில் ஷான் ஃபேனிங் என்ற அமெரிக்க இளைஞர் 'நாப்ஸ்டர்' என்னும் ஏற்பாட்டை வெளியிட்டார். யாரிடம் எந்தப் பாடல் உள்ளது என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரின் சர்வரில் இருக்கும். பாடல்கள் பயனர்க்குப் பயனர் நேராகச் செல்லும். இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் சேவை நின்றது. பட்டியல் ஓரிடத்தில் இருந்ததால், அந்த ஓரிடம் மூடியதும் எல்லாம் முடிந்தது. மரத்தின் நடுக்கிளை அறுந்த கதைதான்.

பொம்மையோடு அச்சும்

அதே 2001 ஜூலையில் பிராம் கோஹென் என்ற மென்பொருளாளர் 'பிட்டாரண்ட்' என்னும் முறையை வெளியிட்டார். 'டாரண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் காட்டாற்று வெள்ளம் என்று பொருள். மழைக்காலத்து மணிமுத்தாற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதன் உட்பொருளை நம் ஊர்ப் பீங்கான் பட்டறையில் வைத்து விளக்கலாம். பாரிஸ் சாந்தால் செய்த அச்சில் களிமண் குழம்பை ஊற்றி, பீங்கான் பொம்மைகளை வார்ப்பார்கள். அச்சு ஒன்றே இருந்து, பொம்மை கேட்போர் ஆயிரம் பேர் வந்தால், கடைசி ஆள் பல நாள் காத்திருக்க வேண்டும். இப்போது, பொம்மை வாங்கும் ஒவ்வொருவரும் ஓர் அச்சையும் சேர்த்து எடுத்துச் செல்வதாகக் கற்பனை செய்யுங்கள். இரண்டாமவர் வாங்கிய உடனே அச்சு இரண்டு. பின்னர் நான்கு, எட்டு, பதினாறு. பத்தே சுற்றில் 1,024. கூட்டம் பெருகப் பெருகக் காத்திருப்பு நீளாது. ஏனெனில் வருபவர் ஒவ்வொருவரும் உற்பத்தித் திறனையும் உடன் கொண்டுவருகிறார்.

கணக்கிட்டே பார்ப்போம். 4 ஜிகாபைட் கோப்பு ஒன்றை 1,000 மாணவர்கள் கேட்கிறார்கள். சர்வரின் அனுப்பும் வேகம் நொடிக்கு 100 மெகாபிட். 1 பைட்டுக்கு 8 பிட் என்பதால் ஒரு கோப்பு 32,000 மெகாபிட். ஆயிரம் படிகள் 3,20,00,000 மெகாபிட். இதை 100ஆல் வகுத்தால் 3,20,000 நொடிகள். ஏறத்தாழ 89 மணி நேரம். மூன்றரை நாளுக்கும் மேல்!

இனி, ஒவ்வொரு மாணவரின் கணிப்பொறியும் நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் பிறர்க்கு அனுப்புவதாகக் கொள்வோம். ஆயிரம் பேருக்கு 5,000. சர்வரின் 100ஐச் சேர்த்தால் 5,100. மேற்சொன்ன தொகையை 5,100ஆல் வகுத்தால் சுமார் 6,275 நொடிகள். அதாவது ஏறத்தாழ 1 மணி 45 நிமிடம். நடைமுறையில் சற்றுக் கூடலாம். ஆயினும் 89 மணி எங்கே, இது எங்கே!

இயற்பியல் வகுப்பில் படித்ததை நினைவுகூருங்கள். ஒரே மின்கலத்தில் மேலும் மேலும் விளக்குகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால், மின்கலத்தின் அகத்தடை காரணமாக எல்லா விளக்குகளும் மங்கும். ஆனால் விளக்கோடு வரும் ஒவ்வொருவரும் ஒரு மின்கலத்தையும் கொண்டுவந்து இணைத்தால் ஒளி குன்றாது.

அரிய பக்கத்தை முதலில் எழுது

கோப்பு முழுவதும் வந்த பின்புதான் பிறர்க்குக் கொடுக்க முடியும் என்றால் வெகு நேரமாகும். ஆகவே கோப்பைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். 1 மெகாபைட் அளவுள்ள துண்டுகளாக்கினால், 4 ஜிகாபைட் கோப்பு 4,096 துண்டுகளாகும். ஒரு துண்டு கைக்கு வந்ததும் அதை உடனே பிறர்க்குக் கொடுக்கத் தொடங்கலாம்.

எந்தத் துண்டை முதலில் கேட்பது? வகுப்பில் ஆசிரியரின் குறிப்பேட்டைப் பலர் பக்கம் பக்கமாகப் படியெடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 12ஆம் பக்கம் ஒரே ஒரு மாணவரிடம் உள்ளது. நாளை அவர் வராவிட்டால்? ஆகவே புத்திசாலிகள் அந்தப் பக்கத்தையே முதலில் எழுதிக்கொள்வார்கள். பிட்டாரண்டின் விதியும் இதுவே: கூட்டத்தில் மிகச் சிலரிடமே உள்ள துண்டை முதலில் கேள்.

வாங்கிக்கொண்டு கொடுக்காமல் இருப்பவரை என்ன செய்வது? உங்கள் மென்பொருள், தனக்கு வேகமாகக் கொடுப்பவர்க்கே தானும் முதன்மை தந்து கொடுக்கும். ஏறத்தாழ 10 நொடிக்கு ஒரு முறை இக்கணக்கைத் திருத்திக்கொள்ளும். அப்படியானால் புதிதாக வந்து, கையில் ஒரு துண்டும் இல்லாதவர் கதி? அவருக்காக 30 நொடிக்கு ஒரு முறை, எதையும் எதிர்பாராமல் ஒருவரைத் தேர்ந்து கொடுத்துப் பார்க்கும். கடையில் புதிய வாடிக்கையாளருக்கு முதல்முறை கடன் கொடுப்பது போன்றது இது.

கோப்பை முழுதும் பெற்ற பிறகும் விலகாமல் கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஆங்கிலத்தில் விதைப்பவர் என்னும் பொருளில் 'சீடர்' என்று பெயர். நம் சீடர் குருவிடம் கற்று அடுத்தவர்க்கும் சொல்லிக்கொடுப்பவர், பொருத்தமான சொல்தான்! வாங்கியவுடன் ஓடிவிடுபவரை 'லீச்சர்' என்பர். அச்சொல்லின் பொருள் அட்டை. மழைக்காட்டில் காலைப் பிடித்து இரத்தம் குடிக்குமே, அதே அட்டை.

மச்சம் சொல்லும் உண்மை

இனி மிக முக்கியமான கேள்விக்கு வருவோம். 4,096 துண்டுகளை முகம் தெரியாத நூற்றுக்கணக்கானோர் தருகிறார்கள். அவர்களில் ஒருவர் பழுதான துண்டைத் தந்தால்? வேண்டுமென்றே போலியைத் தந்தால்?

இங்கேதான் சுந்தரரின் மச்சம் உதவுகிறது. ஒவ்வொரு துண்டையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்தி, அதிலிருந்து ஒரு சிறு எண்ணைப் பெறுகிறார்கள். 'ஹாஷ்' என்பது அதன் பெயர். பிட்டாரண்டின் முதல் வடிவம் பயன்படுத்தும் 'ஷா-1' முறையில் இந்த எண் 20 பைட்டு, அதாவது 160 பிட் அளவுள்ளது. துண்டில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் முற்றிலும் மாறிவிடும். 160 பிட்டில் அமையக்கூடிய எண்கள் எத்தனை? 1க்குப் பின் 48 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணுக்கும் அதிகம். தற்செயலாக இரு துண்டுகளுக்கு ஒரே ஹாஷ் அமைவது நடைமுறையில் நிகழாது என்றே கூறலாம்.

நீங்கள் முதலில் பெறும் 'டாரண்ட் கோப்பு' என்பது பெரிய கோப்பே அன்று. அது மச்சங்களின் பட்டியல். 4,096 துண்டுகளுக்கு 20 பைட்டு வீதம் வெறும் 80 கிலோபைட். ஒரு துண்டு வந்ததும் உங்கள் கணிப்பொறி அதற்கு ஹாஷ் கண்டு, பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் ஏற்கும், பொருந்தாவிட்டால் வீசிவிட்டு மறுபடி கேட்கும். கொடுத்தவர் நல்லவரா என்று அது ஆராய்வதில்லை. பொருளை உரைத்துப் பார்க்கிறது, அவ்வளவே.

இந்த உரைகல்லும் தேய்வதுண்டு. ஒரே ஷா-1 ஹாஷ் உள்ள இரு வேறு கோப்புகளை வேண்டுமென்றே உருவாக்க முடியும் என்று 2017 பிப்ரவரியில் கூகுள் நிறுவனத்தாரும் நெதர்லாந்தின் கணித ஆய்வு நிறுவனத்தாரும் செய்து காட்டினர். ஆகவே பிட்டாரண்டின் இரண்டாம் வடிவம் 256 பிட் நீளமுள்ள 'ஷா-256' முறைக்கு மாறியது.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். மச்சமே போலியாக இருந்தால்? பித்தளைத் துண்டை மச்சமாக வைத்துக்கொண்டவர்க்குக் குளத்தில் கிடைக்கும் பித்தளை எல்லாம் சரியாகவே பொருந்தும்! ஹாஷ், 'நீ கேட்டது இதுதான்' என்று மட்டுமே உறுதி கூறும். 'நீ கேட்டது நல்லது' என்று கூறாது. எனவே டாரண்ட் கோப்பை அப்பொருளை உருவாக்கியவரின் சொந்த இணையதளத்திலிருந்தே பெற வேண்டும். யாரோ எங்கோ ஒட்டி வைத்த டாரண்டில் புதுப்படம் என்ற பெயரில் வைரஸ் வந்து இறங்கினால், மச்சம் அதையும் 'சரி' என்றே சொல்லும்.

எங்கே தொடங்கலாம்?

டிரான்ஸ்மிஷன், கியூபிட்டாரண்ட் ஆகிய இரண்டும் இதற்கான கட்டற்ற, விலையில்லா மென்பொருள்கள். ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். முதற்பயிற்சிக்கு உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸை எடுக்கலாம். இவற்றை உருவாக்குவோரே தம் தளத்தில் டாரண்ட் கோப்புகளை வைத்துள்ளனர். விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவும் 'கிவிக்ஸ்' தொகுப்புகளும் டாரண்ட் வழியே கிடைக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவும் அவற்றுள் உண்டு. ஒரு முறை இறக்கிப் பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்தில் வைத்துவிட்டால், இணைப்பு இல்லாத நாளிலும் அனைவரும் படிக்கலாம். பழைய நூல்களைச் சேமித்து வைக்கும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளமும் 2012 முதல் டாரண்ட் வசதி அளிக்கிறது.

அலைபேசியின் நாளளவு இணையத்தில் இதைச் செய்யாதீர்கள். நீங்கள் பெறுவது மட்டுமன்றி, கொடுப்பதும் அந்த அளவில் கழியும். கம்பிவழி இணைப்பிலும், மென்பொருளின் அமைப்புப் பகுதியில் அனுப்பும் வேகத்துக்கு ஓர் உச்ச வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மற்றவர்க்கு இணையம் தடைப்படாது.

எடுப்பவரே கொடுப்பவர்

இம்முறையின் முழு வலிமையும் 'எடுப்பவரே கொடுப்பவரும் ஆவார்' என்ற ஒன்றில் அடங்கியிருப்பதைக் கண்டோம். பொறுப்பும் அதிலேயே அடங்கியுள்ளது. திருட்டுப் படத்தை டாரண்டில் இறக்கும் மாணவர் 'நான் பார்க்கத்தானே எடுத்தேன்' என்று சொல்ல இயலாது. முதல் துண்டு வந்த நொடியிலிருந்து அவர் கணிப்பொறி அதை மற்றவர்க்கு வழங்கிக்கொண்டிருக்கிறது. பொம்மையோடு அச்சையும் வாங்கியவரல்லவா அவர்! அவருடைய இணைய முகவரி எண்ணும் அக்கூட்டத்தில் உள்ள எவரும் காணத்தக்கதே. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுவோர்க்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் வகுத்துள்ளது.

இதன் விளைவு அவரோடு நிற்பதுமில்லை. 2012இல் '3' என்னும் தமிழ்ப்படத்தையும் 'தம்மு' என்னும் தெலுங்குப் படத்தையும் காக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெறப்பட்டது. இணைய நிறுவனங்கள் பல தளங்களை முழுவதுமாகவே மூடின. குறும்படக் கலைஞர்கள் தம் சொந்தப் படைப்புகளை இடும் விமியோ தளமும் அதில் அகப்பட்டது. தளங்களை முழுதாக அல்ல, குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று அவ்வாண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2017 ஆகஸ்டில், வேறு திரைப்படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் பெறப்பட்ட ஆணைகளின் கீழ் 2,600க்கும் மேற்பட்ட முகவரிகள் தடுக்கப்பட்டன. அப்பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தது. பின்னர் தடை நீங்கியது. படைத்தவரின் உழைப்பைக் காப்பதும் நியாயம். நூலகத்தின் கதவு திறந்திருப்பதும் நியாயம். திருட்டுப் பொருளுக்கு இவ்வழியைப் பயன்படுத்துவோர், முதலாவதைக் கெடுப்பதோடு இரண்டாவதற்கும் பூட்டு வரக் காரணமாகிறார்கள்.

செய்து பாருங்கள்

முதற் சோதனை: ஒருவர் ஆசிரியர், 7 பேர் மாணவர் என 8 பேர் வட்டமாக அமருங்கள். ஆசிரியரின் தாளில் 1 முதல் 8 வரை எண்கள் உள்ளன. அவையே 8 துண்டுகள். மற்றவர் தாள்கள் வெறுமை. ஒரு கைதட்டலுக்கு ஒருவர் ஓர் எண்ணை ஒருவருக்கு மட்டும் சொல்லலாம். கேட்டவர் எழுதிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் மட்டுமே சொல்வதானால் 7 பேருக்கும் 8 எண்கள் சேர 56 கைதட்டல்கள் வேண்டும். இப்போது, எண் கிடைத்த எவரும் அடுத்த கைதட்டலில் பிறர்க்குச் சொல்லலாம் என்று விதியை மாற்றுங்கள். எத்தனையில் முடிகிறது? 10க்குக் குறைந்து முடியவே முடியாது. ஏன் என்று சிந்தியுங்கள். (குறிப்பு: ஆசிரியர் தம் கடைசி எண்ணை எந்தக் கைதட்டலில் முதன்முதல் வெளியிடுவார்? அதன்பின் அந்த ஓர் எண்ணை அறிந்தோர் தொகை ஒவ்வொரு கைதட்டலுக்கும் எத்தனை மடங்காகும்?)

இரண்டாம் சோதனை: லினக்ஸ் கணிப்பொறியில் ஒரு சிறு கோப்பில் உங்கள் ஊர்ப்பெயரை எழுதிச் சேமியுங்கள். 'ஷா256சம்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, அக்கோப்பின் ஹாஷைக் காணுங்கள். 64 குறிகள் தோன்றும். எழுதிக்கொள்ளுங்கள். கோப்பில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் சேர்த்துவிட்டு மறுபடி ஹாஷ் காணுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால் ஏறத்தாழ 60 இடங்களில் வேறுபாடு இருக்கும்.

அடுத்த முறை உங்கள் அலைபேசிக்கு 'மிக அவசரம், அனைவருக்கும் அனுப்புங்கள்' என்று ஒரு செய்தி வரும்போது, இந்த 64 குறிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் உங்கள் மாமாவாகவே இருக்கலாம். ஆற்றில் இட்டவர் யாரோ! எடுத்ததை அப்படியே அடுத்தவர்க்குக் கொடுக்குமுன், உரைத்துப் பார்க்க மச்சம் கையில் இருக்கிறதா?